விசுவாசக் கண்ணோட்ட சங்கத்தின் முப்பத்திரண்டாவது படம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் அரிசிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். மயிலாப்பூரில் கடலோரமாக இருந்த எங்கள் மாதா கோயில் பங்கில் தீர்ப்புக்கு மட்டும் ரேஷன் கிடையாது. அதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. முழுப் பெயர் 'மயிலை விசுவாசக் கண்ணோட்ட சங்கம்'. நாவல், நாடகம், பாட்டு, சினிமா எல்லாவற்றையும் கிறிஸ்தவக் கண் கொண்டு நோக்கி, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று கோயில் கதவில் நோட்டீஸ் ஒட்டுவது அதன் வேலை.

அங்கத்தினர் மூன்று பேர். தலைவர், ரிட்டயர்டு தாசில்தார் இன்னாசியார். அடுத்தவர், ரிட்டயர்டு தலைமையாசிரியை பிலோமினம்மாள். செயலாளர், உபதேசியார் மரியசூசை. முன்பெல்லாம் இந்த மூவரும் பூசையில் பாடகர் குழுவைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். சங்கம் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது பங்குச் சாமியார் மறுவார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பாடகர் குழு நிம்மதியாகப் பாடுகிறது.

சங்கத்தின் முதல் சட்டம் இது: அங்கத்தினர் எவரும் வாழ்நாளில் ஒரு படம்கூடப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்த கண் கெட்ட கண். கெட்ட கண்ணால் எப்படித் தீர்ப்புச் சொல்வது? இதைத் தலைவர் தொடக்க விழாவிலேயே விளக்கினார்.

"சேற்றை அளப்பவன் சேற்றில் இறங்க வேண்டியதில்லை. நான் இருபத்தாறு வருஷம் எத்தனையோ கிராமங்களுக்குத் தீர்வை நிர்ணயம் செய்தேன். ஒன்றுக்காவது நேரில் போனதுண்டா? ஒருவராவது ஆட்சேபித்ததுண்டா? ஆட்சேபித்தவர்களின் மனுவும் என்னிடம்தான் வரும். நானே தள்ளுபடி செய்தேன்."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது நம் கை மட்டும் சும்மா இருக்குமா?

படங்களுக்கு மூன்று வகுப்பு வைத்தார்கள். மோட்சம் என்றால் எல்லாரும் பார்க்கலாம். உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் இடைவேளை வரை பார்த்துவிட்டு ஜெபம் சொல்லி வெளியே வந்துவிட வேண்டும். நரகம் என்றால் நரகம். ஆரம்பத்தில் சுவரொட்டியில் இருக்கும் பெயரை மட்டும் கேட்டு வகுப்புப் பிரித்தார்கள். எல்லாமே நரகமாக வந்தது. நரகம் என்று நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் எங்கள் தெருவில் பாதிப் பேர் கொட்டகையில் இருந்தார்கள். ஜனங்களுக்கு விவரம் போதவில்லை, அதனால்தான் போகிறார்கள் என்று சங்கம் முடிவுகட்டியது. விவரம் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஞானப்பிரகாசம் வந்து மாட்டிக்கொண்டான்.

ஞானப்பிரகாசம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் இருந்த சந்திரகலா டாக்கீஸில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். அடையாற்றில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்த ஆரோக்கியமேரியை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று தடவை படிப்பார். நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்ட முடியாது. மேரியின் அண்ணன் சவரிராயன் பொறுமைசாலி அல்ல.

"தபசுக்கு முன்ன தாலி கட்டுனா சரி. இல்லாங்காட்டி அரக்கோணத்துல ரயில்வே ஃபயர்மேன் ஒருத்தன் கேட்டுக்கினு கீறான். அவனுக்குக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டான்.

ஜனவரியில் ஓலை கொடுக்கப் போன ஞானப்பிரகாசத்திடம் சாமியார் வருத்தத்தோடு சொன்னார், சினிமா சம்பந்தப்பட்டவர்களுக்கு ஓலை வாசிக்க இனிமேல் சங்கத்தின் நற்கண் சான்றிதழ் வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் அவன் சங்கத்தின் முன்னால் நின்றான்.

"நீ படம் பார்த்ததுண்டா?" என்று கேட்டார் தலைவர்.

"தெனம் பார்த்துக்கினு கீறேன்யா. வேலையே அதானே."

மூவரும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"இப்படி வா. உன் கொட்டகையில் ஓடும் படங்கள் நரகம் என்றால், நீ நரகத்துக்கு விளக்குப் பிடிப்பவன். சான்றிதழ் கிடையாது. அவை மோட்சம் என்று ருசுவானால் நீயும் சுத்தம். எனவே நீ பார்த்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல். நாங்கள் விசுவாசக் கண்ணால் பார்த்துக்கொள்கிறோம்."

அபிநயம் பார்ப்பதும் பாவமாக இருக்கக்கூடும் என்று அவனைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவன் அங்கிருந்து ராஜா, ராணி, சதிகார மந்திரி என்று ஒரு கதை சொன்னான். நாட்டியம் வந்த இடத்தில் பாவத்தின் அளவு தெரியவில்லை என்று பிலோமினம்மாள் ஆட்சேபித்தார். திரைச்சீலையை அவிழ்த்துவிட்டார்கள். ஞானப்பிரகாசம் வெட்கத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினான். கதையில் ராணி காட்டில் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். மந்திரி கத்தியோடு பின்னால் வந்தான்.

"அப்புறம்?" என்றார் உபதேசியார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

அப்புறம் என்ன என்று ஞானப்பிரகாசத்துக்குத் தெரியாது. கடைசி ரீல் ஓடும்போது அவன் கொட்டகைக்குள் இருக்க மாட்டான். நாலு கதவையும் திறக்க வேண்டும், சைக்கிள் ஸ்டாண்டுச் சங்கிலியை அவிழ்க்க வேண்டும், அடுத்த ஆட்டத்துக்கு முண்டியடிக்கிற கூட்டத்தை மறிக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரு படத்துக்கும் அவன் முடிவைப் பார்த்ததில்லை. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"முடிவு இல்லாமல் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாமல் சான்றிதழ் இல்லை" என்றார் தலைவர்.

திறந்த வாயை மூடிக்கொண்டான். பிறகு, "ராணி மந்திரியை மன்னிச்சுட்டாங்க. மந்திரி முட்டி போட்டு அழுதான். கொயந்தை கெடைச்சிடுச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னான்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனந்திரும்புதல்!" என்றார் உபதேசியார். "மீட்பு!" என்றார் தலைவர். அந்தப் படம் மோட்சம்.

மறுநாள் அடையாற்றுப் பாலத்தடியில், பங்களாப் பிள்ளைகளைக் காற்று வாங்கக் கூட்டி வந்த மேரியிடம் இதைச் சொன்னபோது அவன் அழாத குறை.

"பொய் சொல்லிட்டேன் மேரி."

"நீ இன்னா யார் கொட்டகையயாவது எரிச்சுட்டியா? கதைதானே? நெசமா முடிவு இன்னான்னு மேனேஜரைக் கேட்டியா?"

கேட்டிருந்தான். மேனேஜர் ஷாஹுல் ஹமீது பாய், மந்திரியைப் புலி தின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்.

"புலி தின்னா நரகம்னு எயுதிடுவாங்க. நம்ம கல்யாணத்தையும் சேர்த்துத் தின்னுடும் அது" என்றாள் மேரி. "இனிமே முடிவெல்லாம் நான் சொல்றேன். நீ போய் ஒப்பிச்சுட்டு வா."

மேரி தன் வாழ்நாளில் ஒரு படமும் பார்த்ததில்லை. பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் லீவு. ஆனால் ஆயா வேலை பார்க்கிறவளுக்குக் கதை கட்டத் தெரியாதா? மூன்று பிள்ளைகளை ஒரு கதையில் தூங்க வைத்துவிடுவாள். குடிகாரன் திருந்தினான், மாமியார் மன்னிப்புக் கேட்டாள், கொள்ளைக்காரன் அனாதை விடுதி கட்டினான். முக்கால்வாசிக் கதைகளில் கல்யாணம் தபசுக்கு முன்பே நடந்தது. அதை மட்டும் சங்கம் கவனிக்கவில்லை.

மற்றதையெல்லாம் கவனித்தது. படத்தில் தோட்டம் வந்தால் அது ஏதேன். கிணறு, குளம், மழை எது வந்தாலும் ஞானஸ்நானம். ஒரு கதாநாயகன் மூன்று நாள் சுரங்கத்தில் அடைபட்டு வெளியே வந்தான் என்றபோது, உயிர்த்தெழுதல் என்று மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள், ஞானப்பிரகாசம் பயந்துபோனான். வேறொரு படத்தில் விதூஷகன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான். மனுக்குலத்தின் வீழ்ச்சி இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டப்படவில்லை என்று தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அப்படியானால் விலக்கப்பட்ட கனி வாழைப்பழமா என்று உபதேசியார் கேட்க, ஓட்டெடுப்பு நடந்து இரண்டுக்கு ஒன்றாக வாழைப்பழமே நிறைவேறியது. ரஸ்தாளியா பூவனா என்பதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

இலக்கியத்தையும் விடவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிலோமினம்மாள் ஆராய்ந்தார். முழுக்கப் படித்தால் பாவம் என்று ஒரு வரி விட்டு ஒரு வரி படித்தார். "பாதி வரியிலேயே இவ்வளவு இருந்தால் மீதியில் என்னென்ன இருக்கும்!" என்று அறிக்கை எழுதினார். மீதி என்ன என்று தெரிந்துகொள்ள மறுவாரம் விட்ட வரிகளைத் தனியாகப் படித்தார். அது வேறு வாரக் கணக்கு என்பதால் சட்டப்படி சரிதான்.

வாரத்துக்கு ஒன்று என்றிருந்த கூட்டம் மூன்றாயிற்று, பிறகு தினமும் ஆயிற்று. ஆறு வருஷத்தில் ஓடிய பழைய படங்கள் எல்லாவற்றையும் ஞானப்பிரகாசம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பாட்டை மூன்று தடவை பாடச் சொன்னார் பிலோமினம்மாள். முதல் தடவை பாவம் எந்த அடியில் என்று பார்க்க, இரண்டாம் தடவை சரிபார்க்க. மூன்றாம் தடவைக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

கொட்டகையில் ஷாஹுல் ஹமீது பாய் வேறு பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, நம்ம படத்தைப் போய் மோட்சத்துல போட வச்சுட்டியே! மூணு நாளா ஈ ஓட்டிக்கினு கீறேன். நரகத்துல போட்டப்போ பெஞ்சு உடையற மாதிரி கூட்டம். ஒரு படத்தையாவது நரகத்துல தள்ளச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் பூடும்."

முப்பத்தொன்றாவது படம் அப்போது சந்திரகலாவில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுமைக்கார அண்ணி, அப்பாவி நாத்தனார், அவளைக் காதலிக்கும் ஒரு தளபதி. அண்ணி கடைசியில் மனம் கசிந்து நாத்தனாரின் காலைக் கழுவுகிறாள் என்று முடித்திருந்தாள் மேரி. சங்கம் நிலைகொள்ளவில்லை. இதுவரை வந்த படங்களிலேயே இதுதான் முதல் தரமான மோட்சம், மாதா சபைப் பெண்கள் எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று தீர்மானம். சனிக்கிழமை மாட்டினிக்கு நாற்பத்திரண்டு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, ஜெபமாலையோடு, பஸ் ஏறி மாம்பலம் போனார்கள்.

படத்தில் அண்ணி காலைக் கழுவவில்லை. நாத்தனார் அண்ணிக்குப் பாயசத்தில் விஷம் வைத்துவிட்டு, தளபதியோடு கைகோத்து ஒரு பாட்டும் பாடினாள்.

பெண்களுக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. கால் கழுவுகிற இடத்தில் தாங்கள் கண் அசந்திருக்கலாம், சரியாகப் பார்க்க இன்னொரு தடவை அனுப்ப வேண்டும் என்று நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து உபதேசியாரின் சம்சாரம்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். தபசுக்கு முன்னால் இருந்தவை சரியாக மூன்றே ஞாயிறு, அதில் முதலாவது மறுநாள். ஞானப்பிரகாசம் உண்மையைச் சொன்னான். கதவு, சைக்கிள் ஸ்டாண்டு, கூட்டம் எல்லாம் சொன்னான். "ஒரு படமும் நான் முயுசாப் பார்த்ததில்லீங்கய்யா. மன்னிச்சுக்குங்க. எம் பொயப்பே போயிடும்" என்று அழுதான். வெளியே வராந்தாவில் இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல எழுந்தேன். அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார்.

"கனம் அங்கத்தினர்களே, சிலர் இதை அவமானம் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சாட்சி எந்தப் படத்தையும் முழுமையாகப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. முழுமையாகப் பார்க்காதது பார்த்ததாகாது. ஆகவே இவன் படமே பார்க்காதவன், கெடாத கண் உடையவன். அடுத்து, நம் தீர்ப்புகள். நாம் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னோம். இவன் பார்க்காமல் சாட்சி சொன்னான். தீர்ப்பும் சாட்சியும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. பொருந்தாமல் இருப்பது படம் ஒன்றுதான். தவறு படத்தின் பேரில்."

படம் எடுத்தவர்கள் முடிவைச் சங்கத்தின் தீர்ப்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு கடிதம் போயிற்று. ஞானப்பிரகாசத்துக்கு நற்கண் சான்றிதழ் அன்றே கிடைத்தது. இரண்டு நிபந்தனை: கொட்டகையில் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் டார்ச் அடிக்க வேண்டும், இனி யாருக்கும் எங்கும் படக் கதை சொல்லக் கூடாது.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். சவரிராயன் அரக்கோணத்துக்கு இல்லை என்று கடிதம் எழுதினான். செவ்வாய்க்கிழமை கல்யாணம், புதன்கிழமை தபசு என்று நாள் குறித்தாயிற்று.

ஆனால் சங்கத்தின் நிலைமை மோசமாகியிருந்தது. தங்கள் நிபந்தனையைத் தாங்களே போட்டுவிட்டு, கேட்கக் கதையில்லாமல் தவித்தார்கள். தினமும் ஐந்து மணிக்குக் கூடினார்கள். உபதேசியார் பழைய அறிக்கைகளை வாசித்தார். தலைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் வீட்டில் கவலைப்பட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்து முடித்ததும் பிலோமினம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. மேரியின் முகத்தில் ஈயாடவில்லை. பூசை முடிந்து சாமியார் அறையில் எல்லாரும் கூடினோம்.

"விக்கினம் உண்டு, சாமி. முன் ஒப்பந்தம்" என்றார் பிலோமினம்மாள்.

"வேற பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கானா?" என்று பதறினார் சாமியார்.

"எங்களுக்குக் கொடுத்திருக்கான்."

சாமியார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார். ஞானப்பிரகாசம் சங்கத்தின் சாட்சியாக இருக்கச் சம்மதித்தவன். கதை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையைச் சங்கம் ரத்து செய்துவிட்டது. குடும்பஸ்தன் ஆகிவிட்டால் மாலை வேளையில் வீட்டுக்குப் போய்விடுவான். எனவே சங்கத்துக்கு வேறு சாட்சி கிடைக்கும் வரை, அதாவது ஈஸ்டர் கழிந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று.

சவரிராயனின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது மேரி முன்னால் வந்தாள்.

"வேற சாட்சிதானே வோணும்? நான் வரேன். தபசுலயும் வரேன். நான் ஒரு படமும் பார்த்தவ இல்ல. ஒரு ரீலுகூடக் கெடையாது. உங்க சட்டத்துக்கு என்னைவிட யாரு சரிப்படுவாங்க?"

இதில் ஒரு குற்றமும் காண முடியாமல் சங்கம் திகைத்தது. பரீட்சையாக ஒரு படம் சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். சாமியார் மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு ஊர்ல மூணு மந்திரிங்க. மூணு பேரும் கண்ணை இறுக்கக் கட்டிக்கினுதான் நியாயம் சொல்லுவாங்க. கண்ணைத் தெறந்தா நியாயம் அழுக்காயிடும்னு அவங்களுக்குப் பயம். அதே ஊர்ல ஒருத்தன், ஒருத்தி. கட்டிக்கலாம்னு கீறாங்க. மந்திரிங்க முத்திரை போட்டாத்தான் தாலி. அவன் நல்லவனா கெட்டவனான்னு கண்ணைத் தெறந்து ஒரு தபா பார்த்தாத் தெரிஞ்சுடும். பார்க்க மாட்டாங்க. அவனை வரச்சொல்லி, ஊர் அழுக்கெல்லாம் எப்பிடி இருக்கும் சொல்லு, சொல்லுன்னு தெனம் கேட்டுக்கினு கீறாங்க. கேக்கறதுல அவங்களுக்கு ருசி. அவன் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போறான். அந்தப் பொண்ணு ஆத்தங்கரைல நின்னு நாளை எண்ணிக்கினு கீறா. முகூர்த்த நாளு போய்க்கினே கீது. வேற ஊர்லேர்ந்து ஒருத்தன் வண்டி கட்டிக்கினு வந்துட்டான்…"

இந்த இடத்தில் அவளுக்கே குரல் உடைந்தது. பிலோமினம்மாள் விம்மினார். உபதேசியார் எழுதுவதை விட்டுவிட்டார். தலைவர் நாற்காலியைத் தட்டி எழுந்தார்.

"அந்த மந்திரிகளை என்ன செய்தார்கள்? நரகத்தில் தள்ளினார்களா இல்லையா? இரண்டு பச்சைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு விளையாட இவர்கள் யார்? எதையும் பாராமல் தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அவர்களுக்கு மன்னிப்பே கூடாது!"

"கூடவே கூடாது!" என்றார் பிலோமினம்மாள்.

சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"மன்னிச்சுட்டாங்கய்யா" என்றாள் மேரி. "செவ்வாக்கெயம கல்யாணம் நடக்கணும்ல?"

விக்கினம் அங்கேயே வாபஸ் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை தாலி கட்டினான் ஞானப்பிரகாசம். ஷாஹுல் ஹமீது பாய் ஒரு தேக்சா பிரியாணியோடு வந்திருந்தார். மறுநாள் காலை, தபசின் முதல் நாள் பூசையில் நெற்றியில் விபூதி பூசிக்கொள்ளப் போனவர்கள் எல்லாரும் கோயில் கதவில் முப்பத்திரண்டாவது படத்தின் நோட்டீஸைப் பார்த்தோம்.

'மோட்சம். விசுவாசிகள் குடும்பத்தோடு பார்க்க வேண்டியது. ஒரே ஒரு குறை: அந்த மூன்று மந்திரிகளைப் போன்ற மடையர்கள் உலகத்தில் எங்கும் இருக்க முடியாது ஆகையால், அந்தப் பாகம் மட்டும் நம்பும்படியாக இல்லை.'